முக்கச் சொல்லாமல் எடுத்த ஸ்கேன் போதாது: சிறுநீர்க் கசிவுக்கும் கர்ப்பப்பை இறக்கத்துக்கும் எந்தப் படம் எடுப்பது?

"டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதியிருக்காங்க அக்கா, ஸ்கேன் சென்டர்ல கேட்டா சாதாரண வயித்து ஸ்கேனே போதும்ங்கறாங்க. எதை எடுக்கறது?" இந்தக் கேள்வி எனக்கு ஏதாவது ஒரு வடிவில் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. சிலருக்குத் தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது, சிலருக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. சிலருக்குக் கழிப்பறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தும் மலம் முழுதாக வெளியேறுவதில்லை. எல்லோர் கையிலும் ஒரு சீட்டு, எல்லோருக்கும் ஒரே குழப்பம்.

நான் டாக்டர் இல்லை. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. அறைகளில் பதினாறு வருடமாகப் படம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். என்ன வைத்தியம் செய்துகொள்வது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டவே காட்டாது, எதற்குப் பணம் வீணாகும் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

ஒரு அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது அறுபதைத் தாண்டியவர், நாற்று நடவுக்குப் போகிறவர். காலையில் ஒன்றும் தெரியாதாம். சாயங்காலம் ஆனால் கீழே ஒரு பந்து மாதிரி இறங்கிவிடுமாம், அதை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் சிறுநீர் போகுமாம். இரண்டு வருடம் முன்னால் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட்டில் "நார்மல்". அன்றோடு வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, நீங்களா நெனச்சுக்கறீங்க அத்தை" என்று மருமகள் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது, காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த ஸ்கேன் காலை எட்டு மணிக்கு, முட்ட முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் வைத்து எடுத்தது. இறங்கியது எல்லாம் அப்போது ஏறித்தான் இருந்திருக்கும். வேறொரு டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்த பிறகு, அதே அம்மாவை எங்கள் எம்.ஆர்.ஐ. மேசையில் படுக்கவைத்து "நல்லா முக்குங்கம்மா" என்றதும் சிறுநீர்ப்பை கிடுகிடுவென்று, இறக்கத்தை அளக்கப் போடும் கோட்டுக்குக் கீழே இறங்கியதைத் திரையில் பார்த்தேன். இரண்டு வருடம் அவர் பொய் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லவருவதும் அதுதான். இடுப்புத்தளம், அதாவது சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைத்தளம், அசையும்போதுதான் பழுது தெரியும். அசையாமல் எடுத்த படத்தில் ஒன்றுமில்லை என்றால், அசையாதபோது ஒன்றுமில்லை என்று மட்டுமே அர்த்தம்.

## முதலில், படமே வேண்டுமா?

நிறையப் பேருக்கு வேண்டாம். இதை ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற நானே சொல்கிறேன்.

இருமினால், சிரித்தால், குடம் தூக்கினால் சொட்டுகிறது, வேறு தொல்லை இல்லை என்றால் முதலில் ஒரு மகளிர் மருத்துவர் நேரில் பரிசோதிக்க வேண்டும். இருமச் சொல்லிப் பார்ப்பார், முக்கச் சொல்லிப் பார்ப்பார், தசையை இறுக்கச் சொல்லி விரலால் பார்ப்பார். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று ஒரு சோதனை. மூன்று நாள் நாட்குறிப்பு: எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது, எவ்வளவு குடித்தீர்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாகவே இருக்கிறது. சிறுநீர்க் கசிவுக்கு வழக்கமான பரிசோதனையாக எம்.ஆர்.ஐ., சி.டி., எக்ஸ்ரே எதுவும் வேண்டாம், அல்ட்ராசவுண்டும் சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் போதும் என்கிறது.

அப்புறம் பயிற்சி. 1948இல் ஆர்னால்ட் கெகல் எழுதியதிலிருந்து அவர் பெயரில் வழங்கும் அதே தசைப் பயிற்சிதான். ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை இறுக்கி விடுவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம், தெரிந்த ஒருவர் மேற்பார்வையில். இதைச் செய்யாமல் நேராக எம்.ஆர்.ஐ.க்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. படத்தில் என்ன வந்தாலும் அடுத்து டாக்டர் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் பயிற்சியைத்தான்.

படம் தேவைப்படும் இடங்கள் வேறு: அறுவை சிகிச்சை செய்தும் திரும்ப இறங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு முன் எந்தெந்த உறுப்பு இறங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும், நீங்கள் சொல்லும் தொல்லைக்கும் டாக்டர் கையில் தட்டுப்படுவதற்கும் பொருந்தவில்லை, மலம் வெளியேறுவதில் சிக்கல், சிறுநீர் தேங்குகிறது, கர்ப்பப்பையை எடுத்தபின் இடைவிடாமல் சிறுநீர் வழிகிறது. ஒன்று மட்டும் அவசரம். திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டு, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போய், முதுகுவலியும் இருந்தால் அது இடுப்புத்தளச் சங்கதி இல்லை. முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். எந்த ஸ்கேன் என்று யோசிக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

விலையைக் கடைசியில் வையுங்கள். நான் பார்க்கும் வரிசை இது.

முதலாவது, உங்கள் கேள்வி என்ன? "எனக்கு என்ன பிரச்னை" என்பது ஸ்கேனுக்குப் பதில் தெரிந்த கேள்வி இல்லை. "சிறுநீர் மிச்சம் நிற்கிறதா", "முக்கும்போது எது இறங்குகிறது", "பிரசவத்தில் தசை பிய்ந்திருக்கிறதா", "ஓட்டை எங்கே இருக்கிறது" என்று கேட்டால்தான் பதில் வரும். இரண்டாவது, முக்கும்போதும் இறுக்கும்போதும் படம் எடுக்க முடியுமா? மூன்றாவது, எந்த நிலையில்: படுத்தா, உட்கார்ந்தா? நான்காவது, கதிர்வீச்சு, குழாய், மருந்து ஏதாவது உண்டா? ஐந்தாவது, உங்கள் ஊரில் அதை எடுக்கவும் படிக்கவும் தெரிந்தவர் இருக்கிறாரா? கடைசிக் கேள்விதான் நம் பக்கத்தில் பாதி விஷயத்தைத் தீர்மானிக்கிறது. கருவி எல்லா ஊரிலும் இருக்கிறது, பழகிய கைதான் எல்லா ஊரிலும் இல்லை.

## சாதாரண வயிற்று ஸ்கேனும் மிச்ச அளவும்

இதைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். தனியார் மையங்களில் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் முடிந்துவிடும், கதிர்வீச்சு இல்லை, எந்தச் சிறு ஊரிலும் கிடைக்கும். சிறுநீர்ப்பையில் கல், கர்ப்பப்பையில் கட்டி பெருத்துச் சிறுநீர்ப்பையை அழுத்துவது, சினைப்பைக் கட்டி எல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். கர்ப்பப்பை முழுவதுமாக வெளியே வந்துவிட்ட அம்மாக்களுக்கு இதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். அப்படி இறங்கும்போது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களும் கூடவே இழுபட்டு மடங்கி, சிறுநீரகம் வீங்கிவிடக்கூடும், வலிகூட இல்லாமல். அதை இந்தச் சாதாரண ஸ்கேன்தான் முதலில் பிடிக்கும்.

அப்புறம் மிச்ச அளவு. சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் சிறுநீர்ப்பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி, 0.52ஆல் பெருக்குவார்கள். எட்டு, ஆறு, ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 125 மில்லி. 50 மில்லிக்குள் இருந்தால் கவலையில்லை, 200ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், நடுவில் இருப்பதை மற்ற தொல்லைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

இந்த எண்ணில்தான் ஏகப்பட்ட பிழை நடக்கிறது. காரணம் கருவி இல்லை, நம் காத்திருப்பு அறை. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். முன்னால் பதினைந்து பேர். ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, உயிர் போகிற மாதிரி ஆன பிறகுதான் கூப்பிடுவார்கள். முடித்ததும் "போயிட்டு வாங்க, மிச்சம் பார்க்கணும்". அங்கே கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியாக விழாது, வெளியே நாலு பேர் நிற்பார்கள், உட்காரும் கோப்பை அருவருப்பாக இருக்கும் என்பதால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதி நின்ற நிலையில் போய்விட்டு ஓடிவருவார்கள். அப்படி அளவுக்கு மேல் நிரம்பிய சிறுநீர்ப்பை ஒரே தடவையில் முழுதாகக் காலியாகாது. பாதி நின்றபடி போனால் தசையும் தளராது. திரும்பி வந்து இன்னொரு இருபது நிமிடம் வரிசையில் உட்கார்ந்தால், அவ்வளவு தண்ணீர் குடித்த உடம்பு அதற்குள் மேலும் நூறு, இருநூறு மில்லி நிரப்பிவிடும். ரிப்போர்ட்டில் "மிச்சம் 180 மில்லி" என்று வரும். அதைப் பார்த்துவிட்டு, குழாய் போட வேண்டியிருக்குமோ என்று வீடே பயந்து நிற்கும்.

அப்படி ஒரு எண் வந்தால் உடனே நம்ப வேண்டாம். இயல்பாக முட்டும்போது போங்கள், நன்றாக உட்கார்ந்து போங்கள், ஒரு நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள், பத்து நிமிடத்துக்குள் அளக்கச் சொல்லுங்கள். இன்னொரு நாள் இப்படித் திரும்ப எடுத்ததில் 180 வெறும் 30 ஆனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த ஸ்கேன் காட்டாதது என்ன என்றால் இறக்கம், தசைக் கிழிசல், கசிவின் காரணம். பிறப்புறுப்புக்குள்ளே வைத்து எடுக்கும் டி.வி.எஸ். ஸ்கேனும் கர்ப்பப்பை, சினைப்பைக்குத்தான் அருமையானது. இறங்குவதைப் பார்க்க அது தோதில்லை, உள்ளே இருக்கும் கருவியே இறங்குவதைத் தடுத்துவிடும்.

## பிறப்புறுப்பின் வெளியே வைத்து எடுக்கும் இடுப்புத்தள ஸ்கேன்

எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கச் சொல்வேன்.

கர்ப்பிணிகளின் வயிற்றில் வைக்கிறார்களே, அதே வளைந்த கருவிதான். அதற்கு உறை போட்டு, ஜெல் தடவி, கால்களை மடக்கி விரித்த நிலையில் பிறப்புறுப்பின் வாயில் மேல், வெளியே வைப்பார்கள். உள்ளே எதுவும் போகாது. சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஒரு படம், தசையை இறுக்கும்போது ஒன்று, முக்கும்போது ஒன்று. சிறுநீர்ப்பை, சிறுநீர்த்தாரை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் ஒரே திரையில் அசைவது தெரியும். பத்து, பதினைந்து நிமிட வேலை. கதிர்வீச்சு கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இதை இவ்வளவு தூரம் வளர்த்ததில் ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் என்ற மருத்துவருக்கும் அவர் குழுவுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்கள் முக்கியமாகத் தேடியது ஒன்று: பிரசவத்தில் தலை வெளிவரும்போது இடுப்புத்தளத் தசை இடுப்பெலும்பிலிருந்து பிய்ந்துவிடுவது. வெளியே தையலே போட்டிருக்காது, அதனால் யாருக்கும் தெரியாமல் போகும். முப்பரிமாண ஸ்கேனில் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் இது கூடுதல். இப்படிப் பிய்ந்திருக்கும் பெண்ணுக்குச் சிறுநீர்ப்பை இறக்கத்தைத் தைத்துச் சரிசெய்தாலும் திரும்ப இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு விதமாகத் திட்டம் போடலாம், உங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். முக்கும்போது அந்தத் தசைகளுக்கு நடுவே உள்ள திறப்பு 25 சதுர சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்தால் அளவுக்கு மீறித் தளர்ந்திருக்கிறது என்று கணக்கு.

இன்னொரு இடத்திலும் இதற்கு இணை இல்லை. கசிவுக்காகச் சிறுநீர்த்தாரைக்கு அடியில் தாங்கலாக வலை நாடா வைத்துத் தைத்தவர்களுக்குத் திரும்பத் தொல்லை வந்தால், அந்த நாடா எங்கே இருக்கிறது, நகர்ந்துவிட்டதா, இறுக்கிப் பிடிக்கிறதா என்பதை இந்த ஸ்கேன் வெள்ளைக் கோடாகக் காட்டும். அதே நாடாவை எம்.ஆர்.ஐ.யில் தேடித் தேடிக் கண் பூத்துவிடும்.

குறை என்னவென்றால், எடுப்பவரின் கை. "முக்குங்க" என்றதும் நம் பெண்கள் முக்காமல் இறுக்கிக்கொள்வார்கள். சிறுநீர் சிந்திவிடுமோ, காற்று பிரிந்துவிடுமோ என்ற கூச்சம். உடம்பு தானாகவே அப்படிச் செய்யும். அது தெரிந்தவர் திரையிலேயே அதைக் காட்டி, "இப்ப இறுக்கறீங்க பாருங்க, விடுங்க, இப்ப முக்குங்க" என்று சொல்லி இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறு நொடியாவது முக்கவைத்து எடுப்பார். தெரியாதவர் முதல் தடவையிலேயே "இறக்கமில்லை" என்று எழுதிவிடுவார். வெளிநாடுகளில் சில பிசியோதெரபி அறைகளில் பயிற்சி சொல்லிக்கொடுக்கவே இந்தத் திரையைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்கேன் கருவி வைக்கும் ஒவ்வொரு இடமும் பதிவு பெற வேண்டும், தகுதியுள்ள மருத்துவர்தான் கையாள வேண்டும். அந்தச் சட்டம் அவசியமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இங்கே இந்த ஸ்கேனுக்கு டாக்டரைத்தான் தேடிப் போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

## முக்கவைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.

சீட்டில் "டைனமிக்" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறுமனே "எம்.ஆர்.ஐ. பெல்விஸ்" என்று எழுதியிருந்தால், எங்களைப் போன்றவர்கள் அசையாமல் படுக்கச் சொல்லி, வழக்கமான படங்களை எடுத்து அனுப்பிவிடுவோம். அழகான படமாக இருக்கும், உங்கள் கேள்விக்குப் பதில் இருக்காது. இரண்டுக்கும் பணம் பல ஆயிரம்தான்.

முறையாக எடுத்தால், மலக்குடலில் ஜெல்லைக் குழாய்வழி ஏற்றுவோம், நூற்றிருபதிலிருந்து இருநூற்றைம்பது மில்லி வரை. பிறகு இறுக்குங்கள், முக்குங்கள், கடைசியாக அந்த ஜெல்லை வெளியே தள்ளுங்கள் என்போம். நடுக்கோட்டில் நொடிக்கு ஒன்று என்கிற மாதிரி படம் ஓடும். இடுப்பின் முன்னெலும்பின் கீழ்முனையிலிருந்து வால் எலும்பின் கடைசி மூட்டு வரை ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே எது எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று அளப்பார்கள். மூன்று வரை லேசானது, மூன்றிலிருந்து ஆறு நடுத்தரம், ஆறுக்கு மேல் கடுமையானது. முன்புறம், நடு, பின்புறம் மூன்றும் ஒரே படத்தில், மற்றவர்கள் வாதாட முடியாத தெளிவில் வரும். குடல் இறங்கி நடுவில் புகுந்திருப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் இறங்கிய சிக்கலான நிலைமை, சிறுநீர்த்தாரையை ஒட்டிய பை போன்ற புடைப்பு இவற்றுக்கெல்லாம் எம்.ஆர்.ஐ.தான் கெட்டி. கதிர்வீச்சும் இல்லை. இறக்கம் பார்க்க, படத்தில் பளிச்சென்று தெரிவதற்காக நரம்பில் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. பில்லில் அது இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், வேறு காரணம் இருந்தால் சொல்லட்டும்.

ஆனால் வழக்கமான எம்.ஆர்.ஐ. கருவியில் படுத்துக்கொண்டுதான் எடுக்க முடியும். படுத்தபடி மலம் கழிப்பது போல முக்குவது யாருக்குமே எளிதில்லை, குறுகலான குழாய்க்குள், மைக்கில் குரல் கேட்கும்போது இன்னும் கடினம். வெளியே தள்ளும் கட்டத்தை எடுக்காவிட்டால் பாதி இறக்கம் தப்பிவிடும் என்பதால் நாங்களும் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்போம்.

நகை விஷயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. நம் ஊர் அம்மாக்களின் தாலிக்கயிற்றிலும் செயினிலும் நாலைந்து ஊக்கு தொங்கும். காந்தத்துக்கு முன்னால் அந்த ஊக்கு ஒரு அம்பு மாதிரி. "தாலியைக் கழட்டணுமா" என்று கேட்கும்போது அவர்கள் முகம் வாடுவதை எத்தனை தடவை பார்த்தாலும் பழகுவதில்லை. இப்போதெல்லாம் முந்தின நாளே போனில் சொல்லிவிடுகிறேன்: ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக் கழுத்தில் போட்டு வாருங்கள், மற்றதை வீட்டில் பத்திரமாக வைத்துவிடுங்கள். மெட்டி, மூக்குத்தியையும் வீட்டிலேயே கழற்றப் பாருங்கள், வருடக்கணக்கில் கழற்றாத மூக்குத்திக்கு இங்கே வந்து அரை மணி நேரம் போராட வேண்டியிருக்கும். காப்பர் டி பொதுவாகப் பிரச்னையில்லை, ஆனால் சொல்லிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் நரம்பு தூண்டும் கருவி இருந்தால் சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

## எக்ஸ்ரே வகைகள்

உட்கார்ந்து மலம் கழிக்கும்போது எடுக்கும் டெஃபிகோகிராம்: மலக்குடலில் பேரியம் பசையை ஏற்றி, எக்ஸ்ரே கருவிக்கு முன்னால் ஒரு கோப்பையில் உட்காரவைத்து, வெளியேற்றுவதைப் படமாக ஓடவிடுவார்கள். கேட்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் உடம்பின் இயல்பான நிலையில் எடுப்பது இதுதான். மலக்குடல் முன்பக்கம் பையாகப் பிதுங்குவது, மலக்குடல் தனக்குள்ளேயே மடிந்து இறங்குவது, முக்கும்போது தளர வேண்டிய தசை எதிர்மாறாக இறுகிக்கொள்வது இவை நன்றாகத் தெரியும். மலச்சிக்கலுக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுப் பலனில்லாதவர்கள் இதையோ எம்.ஆர்.ஐ.யையோ யோசிக்கலாம். கதிர்வீச்சு உண்டு, கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் கூடாது. எடுத்த பிறகு நிறையத் தண்ணீர் குடியுங்கள், பேரியம் இறுகிப்போகும்.

எம்.சி.யூ.: குழாய்வழி சிறுநீர்ப்பையில் மருந்து நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போது எடுப்பது. சாதாரணக் கசிவுக்கு வேண்டாம். சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்த சந்தேகம், சிறுநீர் சிறுநீரகம் பக்கம் மேலே ஏறுகிறது, சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியில் அடைப்பு, நரம்புக் கோளாறு என்றால் பொருத்தம். சிறுநீரில் கிருமி இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். யூரோடைனமிக்ஸ் எனப்படும் சிறுநீர்ப்பை அழுத்தச் சோதனையை இதோடு சேர்த்துச் செய்யும் இடங்களும் உண்டு. அது படமில்லை, ஆனால் பலர் கேட்பதால் சொல்கிறேன். 2012இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 630 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இருமினால் மட்டும் கசியும் சிக்கலில்லாத நிலைக்கு அறுவை சிகிச்சைக்கு முன் அந்தச் சோதனையைச் செய்யாதவர்களுக்கும் பலன் குறையவில்லை. மற்ற சிக்கல்கள் இருந்தால் கதை வேறு.

## சி.டி.

இறக்கத்துக்கும் கசிவுக்கும் வேண்டாம். படுத்து, அசையாமல், கதிர்வீச்சோடு. ஆனால் சிறுநீரில் ரத்தம் வந்தால், கல் சந்தேகம் இருந்தால், கர்ப்பப்பையை எடுத்த பிறகு இரவு பகல் வித்தியாசமில்லாமல் பிறப்புறுப்பு வழியே சிறுநீர் வழிந்தால், சிறுநீர்ப் பாதை முழுவதையும் காட்டும் சி.டி. யூரோகிராம் அவசியமாகலாம். ஓட்டை சிறுநீர்ப்பையிலா, மேலே சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயிலா என்று அது சொல்லும். கான்ட்ராஸ்ட் போடுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பார்த்துவிட்டு வர வேண்டும். வலியில்லாமல் ஒரே ஒரு முறை ரத்தம் வந்து நின்றுவிட்டாலும் விட்டுவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| உங்கள் தொல்லை | முதலில் | தேவைப்பட்டால் அடுத்து | இதற்கு வீண் |
|---|---|---|---|
| இருமினால், தும்மினால் கசிவு | நேரடிப் பரிசோதனை, நாட்குறிப்பு, பயிற்சி | மிச்ச அளவு | எம்.ஆர்.ஐ., சி.டி. |
| அடக்க முடியாத அவசரம் | சிறுநீர்ச் சோதனை, நாட்குறிப்பு | மிச்ச அளவு, யூரோடைனமிக்ஸ் | எம்.ஆர்.ஐ. |
| கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இறக்கம் | நேரடிப் பரிசோதனை | இடுப்புத்தள ஸ்கேன். முழு இறக்கமானால் சிறுநீரக ஸ்கேனும் | சி.டி. |
| அறுவைக்குப் பின் திரும்ப இறக்கம் | இடுப்புத்தள ஸ்கேன் | டைனமிக் எம்.ஆர்.ஐ. | அசையாத எம்.ஆர்.ஐ. |
| வலை நாடா வைத்தபின் தொல்லை | இடுப்புத்தள ஸ்கேன் | சிறுநீர்ப்பைக்குள் கேமரா | சி.டி. |
| மலம் முழுதாகப் போகாதது | நேரடிப் பரிசோதனை | டெஃபிகோகிராம் அல்லது டைனமிக் எம்.ஆர்.ஐ. | வயிற்று ஸ்கேன் |
| பிரசவக் கிழிசலுக்குப் பின் மலம், காற்று அடங்காதது | ஆசனவாய்வழி ஸ்கேன் | எம்.ஆர்.ஐ. | டி.வி.எஸ். |
| இடைவிடாமல் வழிவது | மகளிர் மருத்துவரின் சாயச் சோதனை (சாயம் கலந்த நீரை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பது) | சி.டி. யூரோகிராம், எம்.சி.யூ. | காத்திருப்பது |

ஆசனவாய்வழி ஸ்கேனைப் பற்றி ஒரு வரி: விரல் பருமனுள்ள கருவி, சுற்றிலும் 360 பாகைக்குத் தசை வளையத்தைக் காட்டும். பிரசவத்தில் ஆசனவாய் வரை கிழிந்த பெண்கள் அடுத்த பிரசவத்துக்கு முன் கேட்க வேண்டிய படம் இது.

## பில்லில் வராத செலவு

பெரியது, தப்பான படத்தைத் திரும்ப எடுப்பது. தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு வந்தவரின் கூலியும் போய், அசையாத எம்.ஆர்.ஐ.யை எடுத்துப் போனால், டாக்டர் மறுபடி அனுப்புவார். அதனால் கிளம்பும் முன் போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "முக்கவைத்து எடுப்பீங்களா? இது மாதிரி கேஸ் அடிக்கடி எடுக்கற டாக்டர் என்னைக்கு இருப்பாங்க?" முதல் கேள்விக்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். பணம்தான் தடை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையங்களில் சி.டி., எம்.ஆர்.ஐ. கட்டணம் வெளியே இருப்பதைவிட நன்றாகக் குறைவு. காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, ஃபிலிம். அசைவைப் பார்க்க எடுத்த படத்தை அசையாத ஃபிலிமில் அடித்துக் கொடுத்தால் பாதிப் பயன்தான். குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ ஓடும் படமாகவே கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டரும் அதைப் பார்க்க முடியும்.

பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்கலாம், கேளுங்கள். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. ஒரு நைட்டியும் மாற்றுப் பாவாடையும் கொண்டுவாருங்கள். முக்கும்போது சிறுநீர் சொட்டினாலோ, காற்று பிரிந்தாலோ, ஜெல் சிந்தினாலோ கூசி இறுக்கிக்கொள்ள வேண்டாம். அதற்காகத்தான் மேசையில் பிளாஸ்டிக் விரிப்பும் அதன் மேல் பஞ்சுத் துணியும் போட்டு வைத்திருக்கிறோம், அடுத்தவர் வருவதற்குள் நாங்கள் மாற்றிவிடுவோம்.